ஒருவரை ஒருவர் அச்சேற்றியவர்கள்

ஆப்பிரிக்க இலக்கியத்தையும் கறுப்பின இலக்கியத்தையும் படிக்கும் தமிழ் வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்



மாதந்தோறும் கூடி ஒரு நூலைப் படித்து விவாதிக்கும் உங்கள் வட்டங்களுக்கு ஆப்பிரிக்க இலக்கியம் புதியதன்று. இந்திரனின் 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' 1982-இலேயே தமிழுக்கு வந்துவிட்டது; சினுவா அச்செபேயின் முதல் நாவலை என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்றும், கூகி வா தியாங்கோவின் நாவல் ஒன்றை அமரந்தாவும் சிங்கராயரும் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்றும் தமிழாக்கினர். ஆயினும் இவ்விலக்கியம் குறித்த கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கிறது: எழுத்தாளரின் பிறப்பு, அவர் பட்ட துன்பம், அவர் எழுதிய பெரும் நூல், மேலை நாடு அவருக்கு அளித்த பரிசு. 1986-இல் வோலே சோயிங்கா, 1992-இல் டெரக் வால்காட், 1993-இல் டோனி மாரிசன், 2021-இல் அப்துல்ரசாக் குர்னா என்று நோபல் பரிசு பெற்றோரின் வரிசையைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அப்பரிசுகள் தகுதியானவர்களையே சென்றடைந்தன. ஆனால் அந்த வரிசை மட்டும் மனத்தில் தங்குமானால், இந்த எழுத்தாளர்களை யாரோ வெளியிலிருந்து வந்து கண்டெடுத்தார்கள் என்ற எண்ணமே எஞ்சும். நடந்தது அதற்கு நேர்மாறானது. இவர்கள் ஒருவரின் கையெழுத்துப் படியை மற்றவர் படித்துத் திருத்தினார்கள். கைப்பணம் போட்டு இதழ் நடத்தினார்கள். வீட்டின் முன்னறையைப் புத்தகக் கடையாக்கினார்கள். மறக்கப்பட்டவரின் கல்லறையைத் தேடிச் சென்றார்கள். இந்த இலக்கியத்தைக் கொண்டாடுவோர் இந்த உழைப்பையும் சேர்த்தே கொண்டாட வேண்டும் என்று வேண்டுவதற்காகவே இம்மடல் எழுதப்படுகிறது.

முதலில் எதைப் பற்றிய பேச்சு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் வாழ்வோர் எழுதுவது ஒரு பகுதி. 16-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை அட்லாண்டிக் கடல் வழியே நடந்த அடிமை வணிகத்தில், ஆய்வாளர்களின் மதிப்பீட்டின்படி சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டனர்; அவர்களுள் உயிரோடு கரைசேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் பிரேசிலிலும் எழுதுவது இன்னொரு பகுதி. அத்தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் 20-ஆம் நூற்றாண்டில் லண்டனுக்கும் பாரிசுக்கும் சென்றோர் எழுதியவை மூன்றாவது பகுதி. இரண்டாவது பகுதியினரைப் 'புலம்பெயர்ந்தோர்' என்று சொல்லும்போது, அவர்களின் முன்னோர் தாமாகப் பெயர்ந்தவர்கள் அல்லர், பிடித்துச் செல்லப்பட்டவர்கள் என்பதை மறக்கலாகாது. மொழியையும் பெயரையும் உறவையும் பறிகொடுத்த மக்கள், தம்மை விற்றவர்களின் மொழிகளிலேயே எழுத நேர்ந்தது. அந்த மொழிகளில் நூல் வெளியிடும் வாய்ப்போ வேறொருவர் கையில் இருந்தது.

அந்நிலை எத்தகையது என்பதற்குப் பிலிஸ் வீட்லியின் வாழ்க்கையே சான்று. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகக் கடத்தப்பட்டு 1761-இல் பாஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்ட அவருக்கு, அவரைக் கொண்டுவந்த கப்பலின் பெயரே பெயராயிற்று. சில ஆண்டுகளில் ஆங்கிலம் கற்று, லத்தீனும் படித்து, கவிதை எழுதத் தொடங்கிய அவருடைய நூலுக்குப் பாஸ்டனில் ஆதரவு கிட்டாமல் 1773-இல் அது லண்டனில் வெளிவந்தது. அந்நூலின் முகப்பில், இக்கவிதைகளை எழுதியவர் இந்த அடிமைப் பெண்தான் என்று ஆளுநர் உள்ளிட்ட 18 பெரிய மனிதர்கள் பெயரிட்ட சான்றுரை ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. கறுப்பினப் பெண்ணால் கவிதை எழுத முடியும் என்பதை வெள்ளை ஆண்கள் உறுதிசெய்தால்தான் நூல் செல்லும் என்பது அன்றைய நிலை. விடுதலை பெற்ற பின் அவர் தமது இரண்டாம் தொகுதிக்கு 1779-இல் சந்தா கோரி அறிவிப்பு வெளியிட்டார். போதிய ஆதரவு வரவில்லை. 1784-இல் வறுமையில் அவர் இறந்தார். அந்தக் கையெழுத்துப் படி இன்றுவரை கிடைக்கவில்லை. முதல் நூல் பிழைத்ததையும் இரண்டாம் நூல் தொலைந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால், திறமையால் மட்டும் ஒரு நூல் உலகுக்கு வந்துவிடுவதில்லை என்பது விளங்கும்.

சான்றுரை தேவைப்படாத அச்சு ஒன்று வேண்டும் என்ற உணர்வு அமெரிக்கக் கறுப்பினத்தாரிடம் விரைவிலேயே எழுந்தது. 1827-இல் நியூயார்க்கில் சாமுவேல் கார்னிஷும் ஜான் ரஸ்வர்மும் தொடங்கிய 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' கறுப்பினத்தார் தாமே நடத்திய முதல் அமெரிக்கச் செய்தித்தாளாகும். அதன் வழியில் வந்தவற்றுள் இலக்கியத்துக்குப் பெரிதும் உதவியது, டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ் 1910-இல் தொடங்கிய 'த கிரைசிஸ்' மாத இதழ். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியை மையமாகக் கொண்டு 1920-களில் கவிதை, புனைகதை, இசை, ஓவியம் ஆகிய எல்லாத் துறைகளிலும் கறுப்பினக் கலைஞர்கள் பொங்கி எழுந்த காலத்தை 'ஹார்லெம் மறுமலர்ச்சி' என்பர். அம்மறுமலர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் லாங்ஸ்டன் ஹியூஸின் பெயரைச் சொல்லத் தவறுவதில்லை. ஆனால் அவருடைய புகழ்பெற்ற நதிக் கவிதையை 1921-இல் கிரைசிஸில் அச்சேற்றிய இலக்கியப் பொறுப்பாசிரியர் ஜெஸ்ஸி ஃபாசெட்டின் பெயர் அரிதாகவே காதில் விழுகிறது. ஹியூஸ் தமது தன்வரலாற்றில், புதிய கறுப்பின இலக்கியத்துக்கு மருத்துவச்சிகளாக இருந்த மூவருள் ஒருவராக ஃபாசெட்டை எண்ணுகிறார். ஃபாசெட் தாமும் நான்கு நாவல்கள் எழுதியவர். 1926-இல் கிரைசிஸை விட்டு விலகியபோது பதிப்பகம் ஒன்றில் வேலை தேடினார். தம் நிறம் தடையானால் வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்த்துத் தருவதாகவும் சொல்லிப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஒரு தலைமுறையின் கவிஞர்களை அடையாளம் கண்ட அக்கண்களுக்கு அமெரிக்கப் பதிப்புத் துறையில் ஒரு நாற்காலி இல்லாமற்போய், அவர் பள்ளிக்குத் திரும்பிப் பிரெஞ்சு கற்பித்தார்.

அதே ஹார்லெமில், புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஆர்துரோ ஷோம்பர்க் என்ற வங்கி ஊழியர் தம் வாழ்நாளெல்லாம் கறுப்பினத்தார் எழுதிய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். சிறுவயதில் ஆசிரியர் ஒருவர் கறுப்பினத்தாருக்கு வரலாறு கிடையாது என்று கூறியதே அவரை அத்தேடலில் இறக்கியது என்பர். 1926-இல் நியூயார்க் பொது நூலகம் கார்னகி அறக்கட்டளையின் 10,000 டாலர் நிதியுதவியில் அத்தொகுப்பை வாங்கி ஹார்லெம் கிளையில் வைத்தது. இன்று ஷோம்பர்க் ஆய்வு மையம் என்ற பெயரில் அது உலக ஆய்வாளர்கள் அனைவரும் நாடும் இடமாக விளங்குகிறது. எழுதியவரையும் பதிப்பித்தவரையும் போலவே, பழைய புத்தகக் கடையில் கிடந்ததைக் காசு கொடுத்து வாங்கிப் பாதுகாத்தவரும் இந்த இலக்கிய வரலாற்றில் ஒரு படைப்பாளியே ஆவார்.

பாரிசிலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. மார்த்தினீக் தீவைச் சேர்ந்த போலெட் நார்தாலும் அவருடைய சகோதரிகளும் பாரிசை ஒட்டிய கிளமாரில் இருந்த தம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்பின மாணவர்களையும் எழுத்தாளர்களையும் கூட்டி, அமெரிக்கக் கறுப்பினக் கவிதைகளைப் பிரெஞ்சு பேசுவோருக்கு அறிமுகப்படுத்தினர். 1931-இல் போலெட் உள்ளிட்டோர் தொடங்கிய 'கறுப்புலக இதழ்' பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலுமாக ஆறே இதழ்கள் வந்து நின்றுபோனது. கறுப்பினத்தாரின் பண்பாட்டை இழிவெனக் கருதாது பெருமையாக ஏற்று அதிலிருந்து எழுத வேண்டும் என்ற 'நெக்ரிதியூட்' என்னும் இயக்கத்தின் தந்தையராக எமே செசேர், லியோபோல்ட் செங்கோர், லியோன் தமாஸ் ஆகியோர் போற்றப்படுகின்றனர். அவ்வியக்கத்துக்கு நிலத்தைப் பண்படுத்திய நார்தால் சகோதரிகளின் பெயர் பல பத்தாண்டுகள் அடிக்குறிப்பாகவே கிடந்தது. இந்த அநீதியை உங்கள் வட்டங்களேனும் தொடராமல் இருக்க வேண்டும்.

நார்தால் இல்லத்தின் பணி செனகலைச் சேர்ந்த அலியூன் தியோப்பின் கையில் நிலையான அமைப்பாயிற்று. அவர் 1947-இல் பாரிசிலும் டாக்காரிலும் ஒரே நேரத்தில் வெளியிட்ட 'பிரசான்ஸ் ஆஃப்ரிக்கேன்' இதழ், 1949 முதல் பதிப்பகமாகவும் வளர்ந்தது. பண்டைய எகிப்தின் நாகரிகம் கறுப்பு ஆப்பிரிக்க நாகரிகமே என்று வாதிட்ட ஷேக் அந்தா தியோப்பின் நூலை 1954-இல் அச்சிட்டது இப்பதிப்பகமே. 1956 செப்டம்பரில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் அலியூன் தியோப் கூட்டிய முதலாவது கறுப்பின எழுத்தாளர், கலைஞர் மாநாட்டுக்கு அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டும், பார்படாசிலிருந்து லண்டன் வந்திருந்த ஜார்ஜ் லாமிங்கும், மார்த்தினீக்கைச் சேர்ந்த செசேரும் ஃபிரான்ஸ் ஃபனோனும் வந்தனர். ஜேம்ஸ் பால்ட்வின் அதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். கடவுச்சீட்டு மறுக்கப்பட்ட டு பாய்ஸ் செய்தி அனுப்பினார். அங்கே எல்லோரும் ஒத்த கருத்துடையோராய் இருக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பினத்தாரின் நிலையைக் காலனியக் குடிகளின் நிலையோடு ஒப்பிடலாமா என்பதிலேயே கடும் பிணக்கு இருந்தது. தமக்குள் மாறுபட்டு வாதிடுவதற்குத் தமக்கே உரிய மேடையொன்று கிடைத்ததுதான் அம்மாநாட்டின் பெரும்பேறு. அலியூன் தியோப் தாம் எழுதியதைவிடப் பிறரை எழுத வைத்தது மிகுதி. அதனால்தான் போலும், செங்கோரையும் செசேரையும் அறிந்த வாசகருக்கும் அவர் பெயர் தெரிவதில்லை.

நைஜீரியாவின் இபாதான் நகரில் 1961-இல் தோன்றிய 'ம்பாரி' மன்றம் இம்மடல் சற்று நின்று பேச விரும்பும் இடம். சோயிங்கா, அச்செபே, கவிஞர்கள் கிறிஸ்டோபர் ஒகிக்போ, ஜே.பி. கிளார்க், தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறி வந்திருந்த எஸ்கியா ம்பாஷ்லேலே, ஜெர்மானியரான ஊலி பையர் ஆகியோர் கூடிய இம்மன்றம் நாடகமும் ஓவியக் காட்சியும் நடத்தியதோடு நூல்களையும் வெளியிட்டது. ஒகிக்போவின் முதல் கவிதைத் தொகுதியும் கிளார்க்கின் கவிதைகளும் இங்கேதான் அச்சாயின. தென்னாப்பிரிக்க வெள்ளை அரசின் ஒடுக்குமுறைக்கு ஆளாகி, சொந்த நாட்டில் எழுத்தை வெளியிட வழியின்றி இருந்த அலெக்ஸ் லா கூமாவின் குறுநாவலை 1962-இலும், டென்னிஸ் புரூட்டஸின் கவிதைகளை 1963-இலும் உலகுக்கு அளித்ததும் இபாதானின் இந்தச் சிறு பதிப்பகமே. கண்டத்தின் தென்முனையில் அடைக்கப்பட்ட வாய்க்கு அதன் மேற்குக் கரையில் அச்சு கிடைத்தது. விடுதலை பெற்று ஓரிரு ஆண்டுகளே ஆன ஒரு நாட்டின் இளம் எழுத்தாளர்கள், தம் நூலை அச்சிட்ட கையோடு அயல்நாட்டுத் தோழரின் நூலையும் அச்சிட்டார்கள் என்பதைவிட ஆப்பிரிக்க இலக்கியத்துக்குப் பெருமை தரும் செய்தி வேறொன்று இருத்தல் அரிது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ம்பாரி மன்றத்துக்கும், கம்பாலாவில் வங்காள வம்சாவளியினரான ரஜத் நியோகி நடத்திய 'டிரான்சிஷன்' இதழுக்கும், 1962-இல் உகாண்டாவின் மேக்கரேரே கல்லூரியில் நடந்த ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாட்டுக்கும் உதவிய 'பண்பாட்டு விடுதலைப் பேராயம்' என்ற அமைப்பின் பணம், அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ-விடமிருந்து வந்தது என்பது 1966-67-இல் வெளிப்பட்டது. அந்த மூலத்தை எழுத்தாளர்களுள் பலரும் அறிந்திருக்கவில்லை. அறிந்தபோது வஞ்சிக்கப்பட்டதாக உணர்ந்தனர். இதைக் காட்டி அந்தக் காலத்து எழுத்துகளையே தள்ளிவிடுவோரும் உண்டு. அது பிழையான தீர்ப்பு. லா கூமா கம்யூனிஸ்டுக் கட்சிக்காரர். அவருடைய கேப்டவுன் சேரிக் கதையை எந்த உளவு நிறுவனமும் சொல்லிக்கொடுத்து எழுத வைக்க முடியாது. சொந்தப் பதிப்பகம் இல்லாத இலக்கியம் யார் பணத்தையெல்லாம் நம்ப வேண்டியிருந்தது என்பதற்கே அந்த வரலாறு சாட்சியாகிறது.

அந்த மேக்கரேரே மாநாட்டுக்கு வந்திருந்த அச்செபேயிடம், அக்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கென்ய இளைஞர் ஒருவர் தமது நாவலின் கையெழுத்துப் படியைக் கொடுத்தார். அவர்தாம் பின்னாளில் கூகி வா தியாங்கோ என்று அறியப்பட்டவர். அச்செபே அதைப் படித்து லண்டன் ஹைனமன் பதிப்பகத்துக்குப் பரிந்துரைக்க, 1964-இல் அது வெளிவந்தது. அதற்குள் ஹைனமன் நிறுவனம், 1958-இல் வெறும் 2,000 படிகளாக வந்த 'சிதைவுகள்' மூல நாவல் பள்ளிகளில் பெற்ற வரவேற்பைக் கண்டு, 1962-இல் 'ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசை' என்ற மலிவு விலை நூல்வரிசையைத் தொடங்கியிருந்தது. அவ்வரிசைக்கு 1962 முதல் 1972 வரை ஆசிரிய ஆலோசகராக இருந்து முதல் 100 நூல்களை மேற்பார்த்தவர் அச்செபே. அதற்காக அவர் ஊதியம் பெறவில்லை. வானொலிப் பணியும், சொந்த எழுத்தும், இடையில் ஒரு போரும் இருந்த பத்தாண்டுகளில், தமக்குப் பின் எழுத வந்தோரின் படிகளைப் பக்கம் பக்கமாகப் படித்த அந்த உழைப்பு, அவருடைய ஐந்து நாவல்களுக்கும் நிகரான ஒரு படைப்பு என்பதே இம்மடலின் துணிபு. அவ்வரிசையின் உரிமை லண்டன் நிறுவனத்திடமே இருந்தது என்பதும், 1980-களில் நைஜீரியாவில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்ததும் அது தளர்ந்துபோனது என்பதும் இதன் மறுபக்கம்.

அச்செபேயும் ஒகிக்போவும் இதை முன்பே உணர்ந்திருந்தனர். நைஜீரிய உள்நாட்டுப் போர் மூண்ட 1967-இல், பியாஃப்ரா என்று தனி நாடாக அறிவித்துக்கொண்ட கிழக்குப் பகுதியின் எனுகு நகரில் இருவரும் சேர்ந்து 'சிட்டாடல்' என்ற பதிப்பகத்தைத் தொடங்கினர். குழந்தைகளுக்கான நூல் ஒன்றே அதன் முதல் திட்டமாக இருந்தது. அது அச்சாகும் முன்பே ஒகிக்போ போர்முனைக்குச் சென்று ன்சுக்கா அருகே மாண்டார். ஆப்பிரிக்கா கண்ட மிகச்சிறந்த கவிஞர்களுள் ஒருவர், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்புவரை பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் அச்சிடும் வேலையில் இருந்தார்.

பதிப்பகம் சொந்தமானால் போதாது, மொழியும் சொந்தமாக வேண்டும் என்ற வாதத்தைக் கடைசிவரை கொண்டுசென்றவர் கூகி. லிமுருவுக்கு அருகிலுள்ள கமிரீது கிராமத்தில் உழவரும் தொழிலாளரும் சேர்ந்து தாமே கட்டிய திறந்தவெளி அரங்கில், அவரும் கூகி வா மிரியியும் எழுதிய கிக்கூயு மொழி நாடகம் 1977-இல் நடந்தது. அரசு அதைத் தடைசெய்து, அவ்வாண்டின் இறுதி நாளில் கூகியைக் கைது செய்து, விசாரணையின்றி ஏறத்தாழ ஓராண்டு சிறையில் வைத்தது. சிறையில் கழிப்பறைத் தாளில் அவர் கிக்கூயுவில் எழுதிய நாவலே தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என வந்தது. இக்கதை பலருக்கும் தெரியும். அதிகம் தெரியாதவர், 1980-இல் நைரோபியில் அந்நாவலைக் கிக்கூயுவிலேயே வெளியிட்ட ஹென்றி சக்காவா. கிக்கூயு நாவலுக்கு வாசகர் உண்டா என்று எவரும் அறியாத காலத்தில், சிறை மீண்ட எழுத்தாளரின் நூலை வெளியிட்டதற்காக அவர் மிரட்டல்களையும் உடல் தாக்குதலையும் சந்தித்தார். நூல் விற்றது. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பதாக, வீடுகளிலும் பேருந்துகளிலும் மதுக்கடைகளிலும் அது படிக்கப்பட்டதைக் கூகி பதிவு செய்திருக்கிறார்.

ஆப்பிரிக்க மொழிகளில் நாவல் எழுதுவது கூகியோடு தொடங்கியதன்று. இன்றைய லெசோத்தோவில் தாமஸ் மொஃபோலோ செசோத்தோ மொழியில் எழுதி 1907-இல் வெளியிட்ட நாவலே அம்மரபின் தொடக்கங்களுள் ஒன்று. சூலு மன்னன் சாக்காவைப் பற்றி அவர் எழுதிய பெரும் நாவல், மொரீஜாவில் இருந்த கிறித்தவ மிஷன் அச்சகத்தாரின் தயக்கத்தால் ஏறத்தாழ 15 ஆண்டுகள் கிடப்பில் கிடந்து 1925-இல்தான் வெளிவந்தது. அதற்குள் மனம் கசந்த மொஃபோலோ இலக்கியத்தை விட்டே விலகியிருந்தார். அச்சகம் பிறர் கையில் இருந்தால் ஒரு மொழி எதை இழக்கும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

லண்டனில் 1966-இல் டிரினிடாட்டைச் சேர்ந்த கவிஞர் ஜான் லா ரோஸும் சாரா வைட்டும் 'நியூ பீக்கன் புக்ஸ்' பதிப்பகத்தைத் தம் வீட்டிலிருந்தே தொடங்கினர். 19-ஆம் நூற்றாண்டில் ஜே.ஜே. தாமஸ் என்ற டிரினிடாட் ஆசிரியர் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஒருவருக்கு எழுதிய மறுப்பு நூலை மறுபதிப்புச் செய்தது அவர்களின் முதற்பணிகளுள் ஒன்று. புதியதை வெளியிடும் முன் பழையது அறுபட்ட இடத்தை முடிந்தனர். கயானாவைச் சேர்ந்த ஜெஸ்ஸிகா ஹன்ட்லியும் எரிக் ஹன்ட்லியும் 1969-இல் தொடங்கிய பதிப்பகத்துக்கு, ஜமைக்கா எழுச்சியின் தலைவர் போகிள், ஹெய்ட்டி புரட்சியின் தலைவர் லூவர்த்யூர் ஆகிய இருவரின் பெயர்களைச் சேர்த்துச் சூட்டினர். வரலாற்றாய்வாளர் வால்டர் ரோட்னியை ஜமைக்கா அரசு நாட்டுக்குள் திரும்ப விடாமல் தடுத்தபோது, அவருடைய சொற்பொழிவுகளை நண்பர்களிடம் திரட்டிய பணத்தில் நூலாக்கியதே அதன் தொடக்கம். ஐரோப்பா ஆப்பிரிக்காவை எவ்வாறு வளர்ச்சி குன்றச் செய்தது என்று ஆராயும் ரோட்னியின் பெருநூலை 1972-இல் தான்சானியப் பதிப்பகத்தோடு சேர்ந்து வெளியிட்டனர். அவர்களின் புத்தகக் கடையை இனவெறியர்கள் தாக்கியும் மூடவில்லை. 1980-இல் கயானாவில் ரோட்னி கொல்லப்பட்டபின் கடைக்கே அவர் பெயரை வைத்தனர்.

அந்த லண்டன் சூழலில் ஒரு தமிழர் முக்கியப் பங்காற்றினார் என்பதை உங்கள் வட்டங்கள் பெருமிதத்தோடு நினைவில் கொள்ளலாம். 1958-இல் இலங்கையின் தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பின் லண்டனுக்குச் சென்று, அங்கும் கறுப்பினத்தார் மீது வன்முறை நடப்பதைக் கண்ட அ. சிவானந்தன், இன உறவுகள் நிறுவனத்தின் நூலகராகச் சேர்ந்து, பின் அதன் இயக்குநராகி, 1974 முதல் 'இனமும் வர்க்கமும்' என்ற பொருள்படும் பெயரில் ஆய்விதழை நடத்தினார். கறுப்பு என்பது தோலின் நிறமாக மட்டுமின்றி, ஒடுக்கப்பட்டோர் சேர்ந்து நிற்கும் அரசியலின் நிறமாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் கொண்டிருந்த நிலைப்பாடு.

இனி, இவ்வரலாற்றின் மிகவும் நெஞ்சைத் தொடும் பகுதி. 1937-இல் வெளிவந்த தம் பெரும் நாவலுக்காக இன்று உலகெங்கும் படிக்கப்படும் ஸோரா நீல் ஹர்ஸ்டன், 1960-இல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் நகரில் ஆதரவற்றோர் இல்லமொன்றில் இறந்தபோது அவர் நூல்கள் கடைகளில் இல்லை. கல்லறைக்குப் பெயர்க்கல்லும் இல்லை. அவருடைய தாள்களை எரிக்கத் தொடங்கியிருந்த தீயை, அவரை அறிந்திருந்த காவல் அதிகாரி ஒருவர் தண்ணீர் ஊற்றி அணைத்திராவிட்டால் எஞ்சியிருந்த படிகளும் சாம்பலாகியிருக்கும். 1973-இல் இளம் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் அந்நகருக்குச் சென்று, புல் மண்டிய இடுகாட்டில் கல்லறையைத் தேடி, தம் செலவில் கல் நட்டார். 1975-இல் அத்தேடலைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1979-இல் ஹர்ஸ்டனின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். இடையில் 1978-இல் அந்நாவல் மறுபதிப்புக் கண்டது. அமெரிக்காவுக்கு வந்த கடைசி அடிமைக் கப்பலான 'குளோட்டில்டா'வில் கொண்டுவரப்பட்ட கொசோலா என்ற முதியவரைச் சந்தித்து, அவர் பேச்சு வழக்கை மாற்றாமலே ஹர்ஸ்டன் எழுதிய நூலைப் பதிப்பாளர்கள் அவ்வழக்கை நீக்கச் சொன்னதால் அவர் வெளியிடாமலே விட்டார். 2018-இல், அவர் எழுதியபடியே அது வெளிவந்தது. ஹர்ஸ்டனை மீட்டது விமரிசனத் துறையன்று. அவருக்குப் பின் எழுத வந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் நன்றியுணர்வு.

டோனி மாரிசனை நாவலாசிரியராகவே எல்லோரும் அறிவர். 1960-களின் இறுதியிலிருந்து 1983 வரை நியூயார்க் ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் ஆசிரியராக அவர் ஆற்றிய பணி அதற்குச் சற்றும் குறைந்ததன்று. டோனி கேட் பம்பாராவின் கதைகள், கேல் ஜோன்ஸின் நாவல், ஏஞ்சலா டேவிஸின் தன்வரலாறு, முகமது அலியின் தன்வரலாறு ஆகியவை அவர் கைவழியே வந்தவை. 1968-இல் ஹார்லெம் சுரங்க ரயில் நிலையத்தில் காவலரின் துப்பாக்கிக்கு 33 வயதில் பலியான ஹென்றி டூமாஸ் என்ற கவிஞரின் எழுத்துகளை நண்பர் யூஜின் ரெட்மண்ட் தொகுத்துக் காத்துவந்தார்; 1974-இல் மாரிசன் அவற்றைப் பெரும் பதிப்பகத்தின் வழியே மீண்டும் கொண்டுவந்தார். அதே ஆண்டில் அவர் முன்னின்று உருவாக்கிய 'த பிளாக் புக்' என்ற பெருந்தொகுப்பில், கறுப்பினத்தாரின் வாழ்க்கையைக் காட்டும் படங்கள், விளம்பரங்கள், செய்தித்தாள் துணுக்குகள் எல்லாம் அடுக்கப்பட்டன. 1856-இல் அடிமைத்தளையிலிருந்து தப்பியோடி, பிடிபடும் தறுவாயில் தன் பிள்ளையும் அடிமையாக வேண்டாமெனக் கருதி அதைக் கொன்ற மார்கரெட் கார்னரைப் பற்றிய செய்தியும் அவற்றுள் ஒன்று. 1987-இல் மாரிசன் எழுதிய 'பிலவட்' நாவல் அந்தத் துணுக்கிலிருந்தே முளைத்தது. பிறருக்காகத் தொகுத்த தொகுப்பு, தொகுத்தவருக்கே அவருடைய மிகச்சிறந்த நாவலைத் தந்தது.

இந்த வேலையில் பெண்களின் பங்கு மிகுதி என்பதை இதுவரை கூறியவையே காட்டும். 1966-இல் 'எஃபுரு' நாவலால் ஆங்கிலத்தில் நாவல் வெளியிட்ட முதல் நைஜீரியப் பெண்ணாக அறியப்பட்ட ஃப்ளோரா ன்வாப்பா, 1970-களில் தமது பதிப்பகத்தைத் தாமே நிறுவிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நூல்களை நைஜீரியாவிலேயே அச்சிட்டார். கணவனை இழந்த பெண் தன் தோழிக்கு எழுதும் நீண்ட கடிதமாக மரியாமா பா எழுதிய நாவல் 1979-இல் டாக்கார் பதிப்பகத்தில் வெளிவந்து, ஆப்பிரிக்காவில் அச்சான நூல்களுக்கென்றே ஏற்பட்ட நோமா விருதை 1980-இல் முதன்முதலாகப் பெற்றது. பிரேசிலில் 1978-இல் தோன்றிய 'கறுப்புக் குறிப்பேடுகள்' என்ற ஆண்டுத் தொகுப்பை, எழுத்தாளர்களே அச்சுச் செலவைப் பகிர்ந்துகொண்டு, ஓராண்டு கவிதையும் மறு ஆண்டு சிறுகதையுமாக வெளியிட்டு வந்தனர். வீட்டுவேலை செய்து படித்து ஆசிரியரான கொன்செய்சாவ் எவரிஸ்தோவின் எழுத்து 1990-இல் அதில்தான் முதலில் அச்சேறியது. இன்று பிரேசிலின் தலையாய எழுத்தாளர்களுள் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார்.

ஆகவே, வாசகர் வட்டத்தினரிடம் இம்மடல் வைக்கும் வேண்டுகோள் எளியது. அடுத்த ஆண்டுக்கான வாசிப்புப் பட்டியலை வகுக்கும்போது, பெயர்பெற்ற நூல் ஒவ்வொன்றையும் அதைச் சாத்தியமாக்கிய அல்லது அது சாத்தியமாக்கிய இன்னொரு நூலோடு இணைத்துப் படியுங்கள். 'சிதைவுகள்' படிக்கும் மாதத்தில், அதே இக்போ மண்ணைப் பெண்ணின் இடத்திலிருந்து காணும் 'எஃபுரு'வையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூகியைப் படிக்கும்போது மொஃபோலோவின் சாக்கா நாவலையும், செசேரைப் படிக்கும்போது நார்தாலின் கட்டுரைகளையும் சேர்த்துப் படியுங்கள். 'பிலவட்' பற்றிப் பேசும் கூட்டத்தில், பிரேசில் அடிமை முதலாளி ஒருவனின் கொடுமையை நான்கு தலைமுறைப் பெண்கள் வாய்மொழியாகவே கடத்தி வருவதைச் சொல்லும் கேல் ஜோன்ஸின் 'கொரெகிடோரா' நாவலுக்கும் ஒரு பாதிப் பொழுதை ஒதுக்குங்கள்; 1975-இல் மாரிசன் பதிப்பித்த அந்நாவலைப் படித்தவர்கள், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர் எழுதப்போகும் நாவலின் காலடியோசையை அதில் கேட்பார்கள். உங்களுள் மொழிபெயர்க்க வல்லவர்கள், ஏற்கெனவே தமிழில் உள்ள பெயர்களையே மீண்டும் நாடாமல், ன்வாப்பா, பம்பாரா, டூமாஸ், எவரிஸ்தோ ஆகியோருள் ஒருவரையேனும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்நூலின் முன்னுரையில் அவரை முதலில் அச்சேற்றியவர் யார் என்பதையும் எழுதுங்கள்.